நீல ரிப்பன் கட்டிய அவரைக்கொடி

அண்ணா, இதை எழுதும் கை என்னுடையது, சொல் அம்மாவுடையது. அம்மாவுக்குத் தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் பதினொன்றாம் வகுப்புத் தமிழ் நோட்டின் பின்பக்கத் தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா சொல்வதில் ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், எழுத எனக்கு வெட்கமாக இருக்கிற இடத்தையும் விடாமல், உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றிக்கொள்கிறேன். ஒருவர் சொன்ன வார்த்தையை அப்படியே தரவேண்டிய இடத்தில் அதையும் மாற்றமாட்டேன். இனி "நான்" என்று வருகிற இடமெல்லாம் அம்மா.

கண்ணு, போனில் சொல்லலாமே, எதற்கு இத்தனை தாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "வுடும்மா, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்பாய். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். போன கார்த்திகையில் கனடாவிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். முந்தாநாள் நீ பேசும்போது, அடுத்த மாதக் கடைசியில் இந்த வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடப்போகிறேன், ஒரு மணி நேரம் தள்ளி நம்ம ஆட்கள் மட்டுமே இருக்கிற பகுதியில் வீடு பார்த்துவிட்டேன் என்றாய். "அம்மாவத் திருடின்னு சொன்னவங்க பக்கத்துல இனிமே என்னால இருக்க முடியாது" என்றாய். பின்னால் என் பேத்தி இனியா அழுகிற சத்தம் கேட்டது. "ஆயா, மரியா வூட்டுக்குப் போவக்கூடாதாம். நீ சொல்லு ஆயா" என்று ஐந்து வயதுக் குழந்தை என்னைச் சிபாரிசுக்குக் கூப்பிட்டது. நீ வீடு மாறுவது என் மேல் உள்ள பாசத்தால். ஆனால் அந்தப் பாசம் நிற்கிற தரை பொய், கண்ணு. அந்தப் பொய் என்னுடையது.

நான் அங்கே வந்து இறங்கிய முதல் வாரம் உனக்கு நினைவிருக்கும். எனக்கு மேற்கு எது என்று தெரியவில்லை. இங்கே கச்சிராயபாளையத்தில் கண்ணைத் திறந்தால் கல்வராயன் மலை. அது இருக்கிற பக்கம் மேற்கு. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் சமதரை. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி மூன்று படி. நீயும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, தெருமுனைவரை நடந்துவிட்டு வரலாம் என்று ஒரு நாள் கிளம்பினேன். திரும்பி வரும்போது எது நம் வீடு என்று தெரியவில்லை. ஒரு கதவைத் தட்டினேன். தலைப்பாகை கட்டிய பெரியவர் திறந்து கும்பிட்டார். இன்னொரு கதவைத் தட்டினேன். நம்ம நிறத்திலேயே ஒரு பெண், ஆனால் நம்ம பாஷை இல்லை. மூன்றாவது கதவைத் தட்ட வெட்கப்பட்டு ரோட்டோரம் நின்றுவிட்டேன். கரும்பு வெட்டப் போன இடத்தில் எத்தனையோ ஊரைப் பார்த்தவள், நாலு தெருவுக்குள் தொலைந்துபோய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அப்போது கையைப் பிடித்தவர்தான் மரியாம்மா. பக்கத்து வீட்டுக்காரி என்று அப்போது எனக்குத் தெரியாது; என்னை ஜன்னலில் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அழைத்துவந்து நம் படியில் உட்காரவைத்தார். தன் வீட்டுக்குள் போய், பரிசுப் பொட்டலத்தில் கட்டுகிற நீல ரிப்பன் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முழம் வெட்டி நம் படியின் கைப்பிடியில் கட்டினார். கட்டிவிட்டு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், ரிப்பனைக் காட்டினார், கதவைக் காட்டினார். இது உன் வீடு, இதுதான் அடையாளம் என்று அர்த்தம். அதற்குமேல் அந்த ஊரில் எனக்கு வழி தப்பவில்லை. இந்த ரிப்பனை ஞாபகம் வைத்துக்கொள். பிறகு வருகிறது.

அவர் போர்ச்சுகல்காரர், புருஷன் இல்லை, மகள் தூரத்தில் இருக்கிறாள் என்பதெல்லாம் நீ சொல்லித் தெரிந்தது. எங்களுக்குள் பாஷை கிடையாது. அவர் அவர் பாஷையில் பேசுவார், நான் நம்ம பாஷையில் பேசுவேன். அவர் முட்டியைத் தடவிக் காட்டினால் நானும் என் முட்டியைத் தடவிக் காட்டுவேன். இரண்டு பேரும் சிரிப்போம். அவர் வீட்டுக் கொல்லையில் தக்காளி, பூசணி, குச்சிக்குக் குச்சி ஏறிய அவரைக்கொடி. கொட்டை மட்டும் நம்ம மொச்சை அளவு. வெள்ளையில் சிவப்புப் புள்ளி. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இன்னாம்மா, பூச்சி வுழுந்துக்கினு கீது, பாக்கலியா?" என்பேன். அவர் குனிந்து பார்த்துப் பூச்சியை எடுத்துப்போடுவார். இனியா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் போய்வர, வேலியின் மூலையில் கம்பியை வளைத்து ஒரு குழந்தை நுழையும் வழியும் விட்டிருந்தார். நீயும் மருமகளும் வேலை முடிந்து வரும்வரை குழந்தை பாதி நேரம் அங்கேதான்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். ஐப்பசி கடைசி. குளிர் இறங்கிவிட்டது. மரியாம்மா தக்காளியைப் பிடுங்கியாயிற்று, பூசணியை உள்ளே எடுத்தாயிற்று, மண்ணையும் கொத்திவிட்டார். குச்சியில் மட்டும் அவரைக்கொடி காய்ந்து, நெற்று நெற்றாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை அவர் மகள் காரில் வந்து அவரை அழைத்துப்போனாள். நம்ம பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். கடலை பிடுங்கி, கடைசி மூட்டை வண்டி ஏறியபின் மண்ணில் தப்பியது இல்லாதவர்களுக்கு. யாரையும் கேட்க வேண்டாம். களைக்கொத்தியோடு இறங்கிப் பொறுக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடைசி மூட்டை ஏறுமுன் கை வைத்தால் திருட்டு. ஏறியபின் வைத்தால் உரிமை. நாற்பது வருடம் இந்தக் கணக்கில் பிழைத்தவள் நான். மரியாம்மா கொல்லையிலும் கடைசி மூட்டை ஏறிவிட்டது என்று நினைத்துத்தான், பட்டப்பகலில், குழந்தைக்காக வளைத்த அந்தக் கம்பி வழியில் குனிந்து நுழைந்தேன். மடி நிறையப் பறித்தேன்.

இங்கே உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "ஏம்மா, நம்மூர்ல வெதைக்கு வுட்ட சொரக்காயில கந்தத் துணி கட்டிவெப்பாங்கல்ல? யாரும் பறிச்சிடக் கூடாதுன்னு? அந்தக் கொடில ஒண்ணும் கட்டலியா?" என்று கேட்கிறாள். படித்த பிள்ளையிடம் கதை சொல்வது கஷ்டம். இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் அப்பா கட்டிலில் படுத்தபடியே, "நல்லா மாட்டிக்கினா" என்று சிரிக்கிறார். சரி, எழுது.

கட்டியிருந்தது. நாலு குச்சியில் கட்டியிருந்தது. நீல ரிப்பன். நம் கைப்பிடியில் கட்டிய அதே சுருள். அந்தக் கையால் கட்டிய ரிப்பனுக்கு அர்த்தம் இந்த உலகத்தில் ஒருத்திக்குத் தெரியுமென்றால் அந்த ஒருத்தி நான். அந்த நாலு குச்சிக்கு வந்தபோது என் கை நின்றது. நின்ற கை, பிறகு நகர்ந்தது. ஏன் என்று நானே எத்தனையோ நாள் கேட்டுக்கொண்டேன். பசியில்லை, உன் வீட்டில் இல்லாதது ஒன்றுமில்லை. ஆறு மாதமாக வேலையே செய்யாத கை, கண்ணு. காய்ந்த நெற்று கையில் பட்டதும் அது தன்பாட்டுக்குப் போனது. அதோடு, உனக்கு ஒரு நாள் நம்ம ஊர்க் குழம்பு வைத்துப்போடவேண்டும் என்று ஆசை. யாருக்குத் தெரியப்போகிறது என்றும் ஒரு நினைப்பு வந்தது. அது வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

அன்று வைத்த புளிக்குழம்பை நீ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய். "யம்மா, வடக்கனந்தல் சந்தையில வாங்கின மொச்ச மாதிரியே கீதும்மா. எங்க புடிச்ச?" என்றாய். "கடையிலதான்டா" என்றேன். அது முதல் பொய். அப்போது யாரும் என்மேல் ஒரு பழியும் சொல்லியிருக்கவில்லை. இருந்தும் சொன்னேன். மறுநாள் மாலை மரியாம்மா மகளோடு வந்து நின்றபோது, நீதான் எனக்கு எடுத்துச் சொன்னாய்: "அவங்க அம்மா குடுத்த வெதையாம்மா. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்ப பாவாடை மடிப்புல தச்சு எடுத்தாந்தாங்களாம். வருஷா வருஷம் அதையே போட்டு எடுக்கறாங்களாம். யாரோ பறிச்சிக்கினு போய்ட்டாங்களாம். யாரையாவது பாத்தியான்னு கேக்கறாங்க." அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. பாத்தியா என்று கேட்கத்தான் வந்தார். நான் தலையை ஆட்டி, "நான் பாக்கல" என்றேன்.

மூன்றாம் நாள் குப்பை எடுக்கிற நாள். உணவுக் கழிவு போடுகிற நம் பச்சைத் தொட்டியின் மூடி காற்றில் திறந்திருக்கிறது. மேலே அவரை நெற்றுத் தோல். மரியாம்மா அதில் இரண்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். நீ இங்கிலீஷில் பேசினாய், பேசினாய், அப்படிப் பேசினாய். எனக்குப் புரிந்தது "மதர்" என்கிற ஒரு சொல்தான். அதை நாலு முறை சொன்னாய். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, "யம்மா, இது நீ கடையில வாங்கினதுதான?" என்று கேட்டாய். "ஆமாண்டா, கடையில வாங்கினதுதான்" என்றேன். மரியாம்மாவும் எதிர்த்து ஏதோ சத்தமாகச் சொன்னார். திருடி என்றார் என்று நீ பிறகு சொன்னாய். சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசியில் அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு தோலைக் கைக்குள் பத்திரமாக மூடிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயந்திரமே நீ வேலி மூலையில் இருந்த வழியைக் கம்பி முறுக்கி அடைத்தாய். கைப்பிடியிலிருந்த ரிப்பனைப் பிய்த்து எறிந்தாய்.

உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், கண்ணு. வடக்கனந்தல் பக்கத்துக் கடலைக்காட்டிலிருந்து வந்தது. நீ மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் லீவு என்று என்னோடு வந்தாய். கடைசி மூட்டை ஏறிய பிறகுதான் இறங்கினோம். பொழுது சாயும்போது நிலத்துக்காரரின் மச்சான் வரப்பில் வந்து நின்றார். "இன்னாடி, மடி கனமா கீது? பொறுக்கனதா, புடுங்கனதா?" என்றார். "பொறுக்கனதுதாங்க" என்றேன். "அவுத்துக் கொட்டு, பாப்போம்." கொட்டினேன். முளைவிட்டது, வண்டரித்தது, மண்வெட்டி பட்டு இரண்டாய்ப் போனது; எல்லாம் பொறுக்கின கடலை என்று குருடனுக்கும் தெரியும். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. காலால் மண்ணைத் தள்ளி மூடினார். நீ முன்னால் போய் நின்று, "எங்கம்மா திருடல" என்று கத்தினாய். "பார்ரா, வக்கீலு வந்துட்டாரு" என்று அவர் சிரித்தார். கூடப் பொறுக்கியவர்களும் பயத்தில் சிரித்தார்கள். தெருவில் உன்னை ரொம்ப நாள் வக்கீலு, வக்கீலு என்று கூப்பிட்டது அதனால்தான். நீயும் அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டாய். ஆனால் இருபது வருடம் கழித்து, ஏழு கடல் தாண்டி, அந்த வாசலில் நீ இங்கிலீஷில் பேசியது அதே மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று நான் உண்மையைச் சொன்னேன்; யாரும் நம்பவில்லை. இந்தத் தடவை பொய் சொன்னேன், நீ நம்பிவிட்டாய். உண்மையைச் சொன்னால் நம்மை எவன் நம்புவான் என்று அந்தக் கடலைக்காட்டிலேயே என் மனது முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. அதனால்தான் யாரும் கேட்குமுன்பே பொய் சொன்னேன். ஆனால் மரியாம்மா அந்த மச்சான் இல்லை. நின்று கேட்டிருப்பார். கேட்க வந்தவரிடம் நான்தான் சொல்லவில்லை.

உங்கள் அப்பா இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இதெல்லாம் எழுதி அனுப்பணுமா? புள்ள மனசு ஒடஞ்சிபூடும். அவன் நம்ம ஜனத்தோட போய் நல்லா இருக்கட்டுமே. அங்க பக்கத்துல யாரு, இன்னான்னே தெரியல" என்கிறார். "ஏன்யா, அன்னிக்கு என் மடிய அவுக்கச் சொன்னவன் யாரு? வெள்ளக்காரனா? நம்ம பாஷ பேசறவன்தான? நம்ம மாரியாத்தா கோயில்ல முதல் மாலை வாங்கறவன்தான?" என்று கேட்டேன். இதை உனக்கும் சொல்கிறேன். நம்ம ஆட்களோடு இருப்பது தப்பில்லை; பாஷைக்கு ஏங்குவது எனக்குத் தெரியாததா? பொங்கலுக்கு நாலு பேர் கூட வேண்டும்தான். போகவேண்டும் என்று தோன்றினால் போ. ஆனால் மரியாம்மாவை விட்டு ஓடிப்போவதாக இருந்தால் போகாதே. அவர் குற்றவாளி, நாம் உத்தமர் என்று மனதில் எழுதிவைத்துக்கொண்டு போனால், அடுத்த தெருவிலும் ஒரு சின்ன விஷயம் வரும், அங்கேயும் கம்பியை முறுக்குவாய். இனியாவும் அதைக் கற்றுக்கொள்வாள்.

வேற்று ஊரில் பிழைக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். அதையும் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன். நம் வழக்கத்தைக் கையோடு எடுத்துப்போகலாம். ஆனால் இன்னொருத்தர் நிலத்தில் இறங்குமுன் அவர்கள் வழக்கம் என்ன என்று கேட்கவேண்டும். பாஷை இல்லையென்றால் கையைக் காட்டிக் கேட்கவேண்டும். முட்டி வலியைக் காட்டத் தெரிந்த எனக்கு, "இதைப் பறிக்கட்டுமா" என்று காட்டத் தெரியாதா? கேட்டிருந்தால் ஒரு கைப்பிடி கொடுத்தே இருப்பார். கேட்டு வாங்கியே பழக்கமில்லை எனக்கு. இங்கே கேட்டால் இல்லை என்பார்கள். அதனால் கேட்காமல் எடுக்கிற இடம் எது, கூடாத இடம் எது என்று மட்டும்தான் தெரிந்துவைத்திருந்தேன்.

இனி நீ செய்யவேண்டியது. சமையலறையில் மேல் தட்டு, புளி டப்பாவுக்குப் பின்னால், இனியாவின் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. மருமகள் கை போகாத இடம் என்று பார்த்துத்தான் வைத்தேன். அதற்குள் ரிப்பன் கட்டிய அந்த நாலு குச்சியின் நெற்று, உரிக்காமல் அப்படியே இருக்கிறது. அதை நான் குழம்பில் போடவில்லை. பறித்துவிட்டேனே தவிர, விதையைச் சமைக்க இந்தக் கைக்கு வரவில்லை. திருப்பி வைத்துவிடலாம் என்று ராத்திரியெல்லாம் நினைத்தேன். வைத்தால் எடுத்தவள் நான் என்று ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். நீ எறிந்த ரிப்பனையும் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து அதிலேயே போட்டிருக்கிறேன். அந்த ஊரில் விதை போடுகிற காலம் இனிமேல்தான் வரும் என்று உன் தங்கை சொல்கிறாள். அதற்குள் கொடுத்துவிடவேண்டும்.

நீ தனியாகப் போகாதே, இனியாவையும் அழைத்துக்கொண்டு போ. முதலில் வேலி மூலையில் முறுக்கிய கம்பியை எடு. பிறகு முன்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டு. என் சார்பில் சமாதானம் சொல்லாதே. வக்கீல் வேலை வேண்டாம். வழக்கம், கடலைக்காடு, அந்த மச்சான் எல்லாம் அவர் கேட்டால் சொல். கேட்காவிட்டால் இந்த நாலு வார்த்தையை மட்டும் அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்: எங்கள் அம்மா பறித்தார். தெரிந்தே பறித்தார். பிறகு பொய் சொன்னார். இப்போது அவரே சொல்லச் சொன்னார். அவர் கதவைச் சாத்திக்கொண்டால் டப்பாவைப் படியில் வைத்துவிட்டு வா. கோபப்படாதே. அவருக்கு அது உரிமை. சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்.

என்னைப் பற்றி இனி நீ என்ன நினைப்பாயோ தெரியவில்லை. "எங்கம்மா திருடல" என்று கத்திய பிள்ளை நீ. அன்று அது உண்மை. அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது, நான்கூட எடுக்க முடியாது. அதையும் இதையும் சேர்த்தே வைத்துக்கொள். இரண்டிலும் இருப்பது உன் அம்மாதான்.

அண்ணா, இனி வருகிற "நான்" மறுபடியும் உன் தங்கை. எல்லாவற்றையும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு முறை படித்துக் காட்டினேன். "தெரிந்தே" என்று வந்த இடத்தில் அம்மா கையைத் தூக்கினார். அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லப்போகிறாரோ என்று பேனாவை மறைத்துக்கொண்டேன். "அது நல்லா தெரியற மாதிரி எழுதிக்கீறியா?" என்று மட்டும் கேட்டார். அப்பா, "அந்தக் கொழம்ப நெனச்சா எனக்கே பசிக்குது" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கடைசித் தாளின் அடியில் எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார். வழக்கத்தைவிட நேராக வந்தது. மற்றத் தாள்களையெல்லாம் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். இது ஒன்றுதான் பாக்கி. அங்கே இப்போது பகல் என்று சொன்னேன். "அப்பன்னா மரியாம்மா எழுந்துக்கினு இருப்பாங்க" என்றார் அம்மா. விடியுமுன் இரண்டு பேருக்கும் கரும்பு வெட்டு இருக்கிறது. இந்த வரிகளைப் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், லைட்டை அணைத்துவிட்டார்கள்.